செயலாளர் உட்கார்ந்த ஞாயிறு

பீர்க்கன்கரணை ஏரியைப் பார்த்தபடி நிற்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் கீழ்த்தளப் பொதுக்கூடம். எதிரே ஓர் ஆளை உட்காரவைத்து, பார்த்துப் பார்த்துப் படம் வரைந்து பழகுகிற சின்னக் கூட்டம் ஒன்று ஞாயிறு காலைகளில் அங்கே கூடும். அன்றைக்கு இருந்தவர்கள்:

ஜோதிலட்சுமி. தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மின்விசிறிக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பரீட்சை அட்டையோடு.

ஆபேல். பல்லாவரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் செய்து கொடுப்பவர். தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டு.

சாம்பசிவன். குடியிருப்போர் சங்கச் செயலாளர். வாசற்படியில், உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக.

நடுவில் இருந்த மர நாற்காலி படத்துக்கு உட்காருகிறவருக்கானது. அதில் யாரும் இல்லை. வழக்கமாக வரும் மற்ற நால்வர், கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்ததும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

ஆபேல்: ...அப்போ துளசிங்கம் அண்ணன் வரவே மாட்டாரா சார்?

சாம்பசிவன்: வரமாட்டான். சொல்லிட்டேன். வாட்ச்மேன் வேலை கேட்டைப் பாக்கறது. நாற்காலியில உட்கார்ந்து மூஞ்சியைக் காட்டறது இல்ல.

ஆபேல்: அவருக்கு நைட் ட்யூட்டி முடிஞ்சிடுது சார். வூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இங்க செத்த நேரம் குந்திட்டு, ஒரு டீ, ஒரு பன்னு...

சாம்பசிவன்: ட்யூட்டி முடிஞ்சா? யூனிஃபார்ம் யாரோடது? சங்கத்தோடது.

ஜோதிலட்சுமி: அப்போ யூனிஃபார்மைக் கழட்டி வச்சிட்டு உட்காரச் சொல்லிடவா சார்?

சாம்பசிவன்: மேடம்! அதான்... அந்தப் பயம்தான்! புகார்லயே அதைத்தான் சொல்லியிருக்காங்க. "இன்னிக்குச் சட்டையோட உட்கார வைக்கிறாங்க. நாளைக்கு?"ன்னு.

ஜோதிலட்சுமி: நாளைக்குத் திங்கக்கிழமை. கூடம் பூட்டியிருக்கும்.

சாம்பசிவன்: நான் விளையாட வரல மேடம். தலைவர்கிட்ட போன்ல பேசிட்டேன். புகார் வந்திருக்கு, ஞாயித்துக்கிழமை காலைல கூடத்தை மூடறதா இருக்கேன்னு சொன்னேன். "எழுத்துல அனுப்பு, கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்"னுட்டார்.

ஜோதிலட்சுமி: அனுப்பிட வேண்டியதுதானே? அவர் கோயம்புத்தூர்ல மகன் வீட்லதானே இருக்கார்? வாட்ஸப்ல...

சாம்பசிவன்: வாட்ஸப்ல வந்தா அது பேச்சுங்கறார். கவர்ல வந்தாத்தான் அவருக்குக் கடிதம். அதான்... நான் வந்தது என்னன்னா... நீங்க கொஞ்சம்...

ஜோதிலட்சுமி: நான் கொஞ்சம்?

சாம்பசிவன்: எழுதிக் குடுத்துட்டீங்கன்னா...

ஆபேல்: அக்கா! சார் இன்னா கேக்கறாருன்னு புரியுதா? உங்களை வெளிய தள்ற லெட்டரை நீங்களே எழுதித் தரணுமாம்!

சாம்பசிவன்: தள்றதுன்னு ஏம்பா சொல்றே? லிஃப்ட் ரிப்பேர் நோட்டீஸ் யார் எழுதினது? மேடம். தண்ணி லாரிக்கு மனு? மேடம். நாயைப் பத்தின சுற்றறிக்கையைப் படிச்சிட்டு நாய் வளர்க்கிறவங்களே பாராட்டினாங்க. நான் எழுதினா மிரட்டற மாதிரி வருது. மேடம் எழுதினா... அடி விழுந்ததே தெரியாது.

ஜோதிலட்சுமி: அடியும் எனக்கு, பாராட்டும் எனக்கு. சரி, எழுதறேன்.

ஆபேல்: அக்கா?

ஜோதிலட்சுமி: எழுதறேம்ப்பா. சங்க வேலை. ஆனா சார், முறைன்னு ஒண்ணு இருக்கு. இந்த நேரத்துல இந்தக் கூடத்துக்குள்ள வர்றவங்க ஒண்ணு வரையணும், இல்ல உட்காரணும். சும்மா நின்னு வேடிக்கை பாக்க ஆளு வேண்டாம்னு முதல் வாரமே பேசி வச்சது. நீங்க வரைவீங்களா?

சாம்பசிவன்: நானா? எனக்கு வட்டமே முட்டையா வரும்.

ஜோதிலட்சுமி: அப்போ உட்காருங்க. எங்க ஆளை நீங்கதானே நிறுத்தினீங்க? நிறுத்தினவர்தான் ஈடு கட்டணும்.

சாம்பசிவன்: சேச்சே... நான் எதுக்கு... எனக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்... எந்தப் பக்கம் பார்த்து உட்காரணும்?

ஆபேல்: அக்கா, சீப்பு எடுக்கறாரு.

சாம்பசிவன்: காத்துல கலைஞ்சிருக்கு, அதான்.

ஆபேல்: காத்து இன்னிக்கு அடிக்கவேயில்ல சார். இன்னா சார், ஞாயித்துக்கிழம காலைல இஸ்திரி போட்ட ஃபுல் ஹேண்ட் சட்டை? விசேஷமா?

சாம்பசிவன்: ஒரு கல்யாணம். குரோம்பேட்டைல.

ஆபேல்: முகூர்த்தம் தாண்டிடப் போவுது சார்.

சாம்பசிவன்: ரிசப்ஷன்தான். சாயங்காலம்.

ஜோதிலட்சுமி: ஆபேல், சாரை விடு. உட்காருங்க சார். கால் மேல கால் வேண்டாம், மரத்துப் போயிடும். கையை உங்களுக்கு வசதியா வச்சுக்குங்க... சாவிக்கொத்தை எடுத்துட வேண்டாம், கையிலயே இருக்கட்டும். ம்... அப்படியே. இனிமே அசையக் கூடாது.

சாம்பசிவன்: பேசலாமா?

ஜோதிலட்சுமி: உதடு மட்டும்.

சாம்பசிவன்: மூச்சு?

ஆபேல்: அது உங்க இஷ்டம் சார்.

சாம்பசிவன்: மேடம்... கடிதம் எழுதறீங்களா, படம் வரையறீங்களா? கை ரெண்டு விதமாவும் போகுதே.

ஜோதிலட்சுமி: மேல் தாள்ல நீங்க. கீழ் தாள்ல உங்க கடிதம். தாலுகா ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்தவ சார் நான். பட்டாவும் எழுதுவேன், அதே சமயம் அடுத்த சீட்டுக்காரி வீட்டு வழக்கையும் தீர்த்து வைப்பேன். முகவாயைக் கீழ இறக்காதீங்க.

சாம்பசிவன்: இறக்கலையே.

ஆபேல்: சார், நிமிர்ந்தா ஒரு தாடை கீது. இறக்கினா ரெண்டு கீது. எது வோணும்னு சொல்லிடுங்க.

சாம்பசிவன்: ஒண்ணு... ஒண்ணே போதும்ப்பா. எனக்கு ஒண்ணு புரியல. ஒரு போட்டோ எடுத்தா ஒரு நொடி. இதுக்காக அரை மணி நேரம் ஒரு மனுஷனைக் கட்டிப் போட்டு... என்னத்துக்கு?

ஆபேல்: நானும் அப்படித்தான் சார் இருந்தேன். போட்டோவுலயே பொழப்பு. எவ்ளோ கருப்பா இருந்தாலும் ரெண்டு தட்டுல செகப்பாக்கிடுவேன். தொப்பை, தாடை, வழுக்கை, எல்லாம் காலி. கும்புடற கை ஒரே ஒரு ஜோடி கம்ப்யூட்டர்ல வச்சிருக்கேன். வார்டு மெம்பர்லேந்து மேல வரைக்கும் எல்லாருக்கும் அந்தக் கைதான். ஒருத்தரும் இதுவரைக்கும் "இது என் கை இல்லையே"ன்னு கேட்டதில்ல.

சாம்பசிவன்: ஹ... ஹ...

ஜோதிலட்சுமி: சிரிக்காதீங்க. வயிறு ஆடுது.

ஆபேல்: ஒரு நாளு என் பொண்ணு, "அப்பா, ஸ்கூலுக்கு ஒரு கை வரைஞ்சு குடு"ன்னுச்சு. பென்சிலைப் புடிச்சேன் சார். வரல. எதிர்லயே என் கை கீது. பாக்கறேன், போடறேன், வெண்டைக்கா அஞ்சு வருது. ஒரு காலத்துல சுவத்துல ஆள் உசரத்துக்கு முகம் எழுதினவன் சார் நான். செம பேஜாராப் போச்சு. அப்புறம் அக்கா கூப்டாங்க. இங்க வந்து குந்தினேன்.

சாம்பசிவன்: நீங்க மேடம்? நீங்களும் சின்ன வயசுல...

ஜோதிலட்சுமி: வந்தவாசியில படிக்கறப்போ மொத்த வகுப்புக்கும் தவளையும் செம்பருத்தியும் நான்தான் வரைவேன். அறிவியல் நோட்டுக்கு. அப்புறம் வேலை. அங்கயும் கோடுதான் போட்டேன், ஸ்கேல் வச்சு. நடுவுல ரெண்டு தடவை மறுபடி ஆரம்பிச்சேன். ரெண்டு தடவையும் விட்டேன்.

சாம்பசிவன்: வீட்லயே வரையலாமே? இதுக்குன்னு ஒரு கூடம் எதுக்கு?

ஜோதிலட்சுமி: வீட்ல நான் பேப்பரும் பேனாவும் எடுத்தா மருமக எட்டிப் பார்த்து, "அத்தை, மளிகை லிஸ்டா? துவரம்பருப்பு ஒரு கிலோ சேர்த்துக்குங்க"ங்கறா. பையன் வந்து, "அம்மா, ஒரு லெட்டர் எழுதணும்"ங்கறான். அவங்க மேல தப்பில்ல. நான் பேப்பர் எடுத்தா அது யாருக்கோ ஆகவேண்டிய வேலைன்னு எல்லாருக்கும் பழகிப்போச்சு. உங்களுக்கும்தான்.

சாம்பசிவன்: நான்... சங்கத்துக்காக...

ஜோதிலட்சுமி: இங்க வந்து உட்கார்ந்தா மட்டும் யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. கை மெதுவா வருது சார். போன மாசம்தான் ஒரு கை கையா வந்தது. இதை மூடினீங்கன்னா நான் வேற இடம் தேட மாட்டேன், வீட்லயும் எடுக்க மாட்டேன். மூணாவது தடவையும் விட்டுடுவேன். என்னைப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். ஏன் முகம் மாறுது? பழைய மாதிரியே வச்சுக்குங்க. ம். இப்போ கடிதத்துக்கு வருவோம். புகாரோட விவரம் சொல்லுங்க. வரிசையா.

சாம்பசிவன்: விவரம்னா... முக்கியமான விஷயம், யாரை உட்கார வைக்கிறதுங்கறதுல ஒரு முறையே இல்லைங்கறது.

ஜோதிலட்சுமி: முறை இல்லைன்னா?

சாம்பசிவன்: துளசிங்கத்தை எத்தனை வாரம்! சரி, அவன் இங்கயே இருக்கறவன். இஸ்திரி போடற மோகன்ராஜ். சரி. தண்ணி கேன் போடறவரு, கேனோட! பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில பூண்டு விக்கிற குப்பம்மா... அந்தம்மாவை ஆட்டோ வச்சுக் கூட்டிட்டு வந்தீங்களே!

ஆபேல்: ஷேர் ஆட்டோதான் சார்.

சாம்பசிவன்: பி பிளாக் பூனை! பூனையை உட்கார வச்சு ஆறு பேர் சுத்தி உட்கார்ந்து...

ஆபேல்: நாங்க வைக்கல. அதுவா வந்து குந்திச்சு.

சாம்பசிவன்: அதுக்கும் ஒரு படம் குடுத்தீங்க!

ஜோதிலட்சுமி: உட்கார்ந்தவங்களுக்கு ஒரு படம், அவங்களே எடுத்துக்கலாம். அது வழக்கம். பூனை ஆபேல் படத்து மேல படுத்துச்சு. அதைத்தான் தேர்ந்தெடுத்துச்சுன்னு எடுத்துக்கிட்டோம்.

சாம்பசிவன்: பூனை வரைக்கும் வந்தாச்சு. ஆனா இந்தக் குடியிருப்புல பொறுப்புல இருக்கறவங்க... ராத்திரி மோட்டார் நின்னா ஓடறவங்க... அப்படி ஒருத்தரை, ஒரு பேச்சுக்காவது, "நீங்களும் ஒரு நாள் உட்காருங்களேன்"னு கேக்கணும்னு தோணலையே?

ஜோதிலட்சுமி: இது யார் சொல்றது?

சாம்பசிவன்: புகார்தாரர்!

ஆபேல்: இவ்ளோ வெவரம் அவருக்கு எப்படி சார் தெரியும்? பூனை படத்து மேல படுத்ததுகூட?

சாம்பசிவன்: கேள்விப்பட்டிருப்பார்.

ஜோதிலட்சுமி: தோளை இறக்குங்க சார். காதுகிட்ட போயிடுச்சு. சரி, "குறிப்பிட்ட சிலருக்கே வாய்ப்பு"ன்னு எழுதறேன். அப்புறம்?

சாம்பசிவன்: அப்புறம் அந்த வாட்ச்மேன் படம். கேட் ரூம்ல ஒட்டி வச்சிருக்கான். வர்றவன் போறவன் எல்லாம் பாக்கறான்.

ஜோதிலட்சுமி: அவருக்குக் குடுத்த படம். அவர் ஒட்டறாரு.

சாம்பசிவன்: போன வாரம் ஒரு கொரியர்காரன், அந்தப் படத்தைக் காட்டி, என்கிட்டயே... "சார், இவர்தான் இங்க செகரட்டரியா?"ன்னு கேட்டான் மேடம்!

ஆபேல்: ம்க்கும்... க்கும்...

சாம்பசிவன்: சிரிக்கறீங்க.

ஆபேல்: இருமல் சார்.

ஜோதிலட்சுமி: நீங்க என்ன சொன்னீங்க?

சாம்பசிவன்: என்ன சொல்றது? "கையெழுத்து எங்க போடணும்"னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். வாங்கினதும் அவன் அந்தப் படத்துக்கு ஒரு வணக்கம் வச்சிட்டுப் போறான்!

ஆபேல்: சார், பெருமாள் சத்தியமா... சே, மாதா சத்தியமா இருமல்தான் சார்.

ஜோதிலட்சுமி: ஆபேல், தண்ணி குடி. சார், கடிதம் முக்கால்வாசி வந்தாச்சு. படிக்கறேன், கேளுங்க. "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, வணக்கம். நமது குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஞாயிறு காலையில் நடைபெற்றுவரும் படம் வரையும் பயிற்சி குறித்துப் புகார் வரப்பெற்றுள்ளது. வாட்ச்மேன், இஸ்திரி போடுபவர், பூண்டு வியாபாரி, பூனை ஆகியோர் அமர்த்தப்பட்ட நிலையில், பொறுப்பில் உள்ளவர்கள் அழைக்கப்படவில்லை என்பது புகாரின் சாரம். புகார் தந்தவர் பெயர்..." அங்க நிறுத்தியிருக்கேன். பேரு?

சாம்பசிவன்: பேரு எதுக்கு? "குடியிருப்பவர் ஒருவர்"னு போடுங்க.

ஜோதிலட்சுமி: போட முடியாதே. மொட்டைக் கடுதாசியைச் சங்கம் ஏத்துக்கிறதில்லைன்னு தீர்மானம் இருக்கே. முன்மொழிஞ்சது யாரு?

சாம்பசிவன்: ...நான்தான்.

ஜோதிலட்சுமி: எழுதினது நான். உங்க வீட்ல மொட்டை மாடி பூரா வடகம் காயவச்சு, யாரோ பேர் போடாம எழுதிப் போட்டாங்களே, அப்போ. "தைரியம் இருந்தா பேரு போட்டு எழுதட்டும்"னு மேஜையைத் தட்டினீங்க. தலைவருக்கு அது நல்லா ஞாபகம் இருக்கும். பேர் இல்லாத கவரைப் பிரிச்சதும் திருப்பி அனுப்பிடுவார்.

சாம்பசிவன்: அவங்க சங்கடப்படுவாங்க மேடம்.

ஜோதிலட்சுமி: சங்கடப்படட்டும். எங்களை வெளிய அனுப்பறாங்க இல்ல?

சாம்பசிவன்: ஆம்பளையா பொம்பளையான்னுகூட சொல்லக் கூடாதுன்னு...

ஆபேல்: எந்த பிளாக்கு சார்?

சாம்பசிவன்: பொதுவா... எல்லா பிளாக்கும்தான். ஆச்சா? கழுத்து விட்டுப்போச்சு.

ஜோதிலட்சுமி: ஆச்சு. எழுந்திருங்க. மெதுவா... இடது காலை முதல்ல ஊனுங்க.

சாம்பசிவன்: அப்பா! அந்தத் துளசிங்கம் எப்படித்தான்... எங்க, காட்டுங்க. ஆபேல், உன்னோடது முதல்ல... அடடா! அடடடா! இது நான்தாம்ப்பா! அப்படியே நான்!

ஜோதிலட்சுமி: குடு, பார்ப்போம்... இது யாரு, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையா? ஆபேல், தொப்பை எங்கப்பா?

ஆபேல்: அய்யய்ய... கை தானா எடுத்துருச்சுக்கா.

ஜோதிலட்சுமி: முன்னந்தலை முடி?

ஆபேல்: அதுவும்... தானா வச்சிருச்சு. எவ்ளோ அடக்கினாலும் பேனர் புத்தி போவ மாட்டேங்குது.

சாம்பசிவன்: என்ன மேடம், அவன் பார்த்துத்தானே வரைஞ்சான்? என் வீட்டுக்காரி சுபத்ரா பாக்கணும் இதை. கல்யாண ஆல்பத்துல இருக்கற மாதிரியே இருக்கேன். உங்களோடது எங்க?

ஜோதிலட்சுமி: என்னோடது வேண்டாம் சார். ஆபேல் வரைஞ்சதையே எடுத்துட்டுப் போங்க.

சாம்பசிவன்: காட்டுங்க மேடம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

ஜோதிலட்சுமி: இந்தாங்க.

சாம்பசிவன்: தொப்பை... இருக்கட்டும். அது இருக்கு. சாவிக்கொத்து நல்லா வந்திருக்கு. மேடம், என் வாய் இப்படியா இருக்கு?

ஜோதிலட்சுமி: எப்படி?

சாம்பசிவன்: பந்தியில எல்லாருக்கும் இலை போட்டுட்டு... ஒருத்தனை மட்டும் விட்டுட்டுப் போனா, அவன் கேக்கவும் முடியாம, எழுந்து போகவும் முடியாம... அப்படி இருக்கு.

ஜோதிலட்சுமி: பார்த்ததைத்தான் போட்டேன். எனக்கு ஆபேல் மாதிரி எடுக்கவும் வைக்கவும் தெரியாது.

சாம்பசிவன்: ...பேரு கேட்டீங்க இல்ல?

ஜோதிலட்சுமி: ஆமா. அந்த ஒரு இடம்தான் காலியா இருக்கு.

சாம்பசிவன்: போடுங்க. சாம்பசிவன்.

ஜோதிலட்சுமி: சாம்பசிவன். தகப்பனார் பெயர்?

சாம்பசிவன்: மேடம்!

ஜோதிலட்சுமி: சரி, வேண்டாம். சி பிளாக், இரண்டாம் தளம்னு போட்டாலே தலைவருக்குப் புரிஞ்சிடும்.

ஆபேல்: இன்னா சார் நீங்க... ஒரு வார்த்தை, "நானும் குந்தட்டுமா?"ன்னு கேட்டிருந்தா முதல் வாரமே குந்த வச்சிருப்போமே!

சாம்பசிவன்: செகரட்டரி எப்படிப்பா கேப்பான்? வாட்ச்மேனைக் கூப்பிட்டீங்க, அவன் வந்தான். குப்பம்மாவைக் கூப்பிட்டீங்க, வந்தாங்க. பூனை கூப்பிடாமயே வந்துது, அதுக்குக் கௌரவம் கிடையாது. நான் எதுல சேர்த்தி? சங்கத்துல எனக்கு வர்றது எல்லாம் தண்ணி வரல, லிஃப்ட் நிக்குது, பக்கத்து வீட்டு நாய்... என் மூஞ்சியை எவன் அரை நிமிஷம் பாக்கறான்? பார்த்தாலே, "சார், ஒரு கம்ப்ளெய்ன்ட்". நீங்க அந்தத் துளசிங்கத்தை அவ்ளோ நேரம் பாக்கறீங்க. காதைப் பாக்கறீங்க. முட்டியைப் பாக்கறீங்க. எனக்கு... எரிஞ்சுது. போதுமா?

ஜோதிலட்சுமி: போதும். இந்த வேகத்துல கடிதம் எழுதியிருந்தா நீங்க என்கிட்ட வந்திருக்கவே வேண்டாம்.

சாம்பசிவன்: குத்துங்க. குத்துங்க. இப்போ என்ன பண்றது? தலைவர்கிட்ட சொல்லித் தொலைச்சிட்டேனே. அவர் கடிதம் வரும்னு காத்துக்கிட்டு இருப்பார்.

ஜோதிலட்சுமி: கடிதம் போகும். வேற கடிதம். உட்காருங்க... அந்த நாற்காலியில இல்ல, இதுல. ஒரு அஞ்சு வரிதான். ம்... ம்... இந்தாங்க, கேளுங்க. "தங்களிடம் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்ட புகாரைப் புகார்தாரரே திரும்பப் பெற்றுக்கொண்டார். செயலாளர் நேரில் சென்று, உரிய இருக்கையில் அமர்ந்து, அரை மணி நேரம் அசையாமல் விசாரித்ததில், பயிற்சியில் குறையேதும் இல்லை எனத் தெரியவந்தது. எனவே ஞாயிறு காலையில் கூடம் வழக்கம்போல் திறந்திருக்கும்."

ஆபேல்: அசையாமல் விசாரித்ததில்! அக்கா, நீங்க வேற லெவல்!

சாம்பசிவன்: புகார்தாரர் பேரு?

ஜோதிலட்சுமி: வாபஸ் வாங்கின புகாருக்குப் பேரு வேணும்னு தீர்மானத்துல இல்ல. இன்னும் ஒரு வரி இருக்கு. "வாட்ச்மேன் துளசிங்கம், பணி நேரம் முடிந்தபின் அங்கே அமர்வதற்குத் தடை ஏதுமில்லை."

சாம்பசிவன்: அது எதுக்கு மேடம் இதுல?

ஜோதிலட்சுமி: அந்த வரியை எடுத்துடலாம். அதுக்குப் பதிலா மேல ஒரு பேரு வரும்.

சாம்பசிவன்: ...பேனா குடுங்க.

ஜோதிலட்சுமி: இங்க. தேதியும் போடுங்க. சங்க முத்திரை?

சாம்பசிவன்: பாக்கெட்லயே இருக்கு.

ஆபேல்: படத்துக்குக் குந்த வர்றவரு முத்திரையோட வந்திருக்காரு!

சாம்பசிவன்: நோட்டீஸ்ல குத்தலாம்னு எடுத்துட்டு வந்தேன்ப்பா. சரி... நான் கிளம்பறேன். ஆபேல் படத்தை எடுத்துக்கறேன். உங்களோடதை... கிழிச்சிடுவீங்களா மேடம்?

ஜோதிலட்சுமி: மாட்டேன்.

சாம்பசிவன்: யார்கிட்டயும் காட்டுவீங்களா?

ஜோதிலட்சுமி: அதுவும் மாட்டேன்.

சாம்பசிவன்: அப்போ சரி. அடுத்த ஞாயிறு... துளசிங்கத்துக்கு உடம்பு கிடம்பு சரியில்லைன்னா... எனக்குக் காலைல பெருசா வேலை ஒண்ணும் கிடையாது. கட்டம் போட்ட சட்டை படத்துக்கு நல்லா வருமா ஆபேல்?

ஆபேல்: சூப்பரா வரும் சார்!

சாம்பசிவன்: ம். பார்ப்போம். வர்றேன் மேடம்.

ஜோதிலட்சுமி: போயிட்டு வாங்க சார்... லிஃப்ட்ல ஏறிட்டாரா?

ஆபேல்: ஏறிட்டாரு. உள்ள கண்ணாடி கீது, படத்தையும் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கினே போறாரு.

ஜோதிலட்சுமி: கவரை இப்படிக் குடு. மடிப்பு சரியா வரணும், தலைவர் அதைப் பார்ப்பார். ஒட்டியாச்சு. ஸ்டாம்ப் என் பர்ஸ்ல இருக்கு... ஆச்சு. கேட்டுக்கு வெளியே தபால் பெட்டி இருக்கு, போட்டுட்டு வந்துடு. அவர் மனசு மாறி இறங்கி வர்றதுக்குள்ள.

ஆபேல்: அக்கா... அவர்கிட்ட நாம சொல்லியிருக்கலாம் இல்ல? மனுஷன் ஒடஞ்சு போயிட்டாரு. ஒருத்தரும் என்னைப் பாக்கலன்னு.

ஜோதிலட்சுமி: என்னத்தைச் சொல்றது?

ஆபேல்: தெரியாத மாதிரி கேக்கறீங்க பாரு. ஒவ்வொரு ஞாயிறும் மோட்டார் பாக்கறேன்னு வந்து, அந்தப் பக்கத்து ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கினு நின்னாரே... துளசிங்கம் அண்ணனுக்கு செத்த நேரத்துல கால் மரத்துப் போவும். இவரு கடைசி வரைக்கும் ஆடாம அசையாம நிப்பாரு. நாம இத்தினி வாரமா வரைஞ்சதுல பாதிக்கு மேல அவருதானே! நான்கூட உங்களுக்கு அவரைப் புடிக்கல, அதான் உள்ள கூப்பிடலன்னு நெனச்சுக்கினு இருந்தேன்.

ஜோதிலட்சுமி: கூப்பிட்டிருந்தா இஸ்திரிச் சட்டையும் சீப்புமா செயலாளர் வந்து உட்கார்ந்திருப்பார். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன அந்தக் கை வந்திருக்காது. எனக்குக் கை வரைய வந்ததே அந்தக் கையைப் பார்த்துத்தான் ஆபேல்... போ, கடுதாசியைப் பெட்டியில போடு.